ஆளை வித்துட்டு ஆட்டத்தை ஜெயிக்க முடியுமா?

கிரிக்கெட் பத்தி எழுதினா தெருவே திரண்டு வரும். கால்பந்துன்னு தலைப்பு வச்சா நாலு பேர்தான் எட்டிப் பார்ப்பாங்க. அந்த நாலு பேருக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு சின்ன கிளப், கஷ்டப்பட்டு ஒரு நல்ல அணியை உருவாக்குது. கோப்பை ஜெயிக்குது, இல்லைன்னா யாரும் எதிர்பார்க்காத இடத்துக்கு ஏறி வருது. உடனே பெரிய கிளப்புகள் பணப்பையோட வாசல்ல வந்து நிக்குது. சின்ன கிளப்பால மறுக்க முடியாது, வீரருக்கும் போகத்தான் ஆசை. ஆளை வித்தாச்சு. அதுக்கப்புறம் அந்த கிளப்பால அதே உயரத்துல நிக்க முடியுமா?

"முடியவே முடியாது, பணம் இருக்கறவன்தான் ஜெயிப்பான்" அப்படிங்கறது ஒரு கட்சி. "நல்லா நிர்வாகம் பண்ணா எல்லாம் முடியும்" அப்படிங்கறது இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் வரலாறுல சாட்சி இருக்கு. அதனால கட்சி சேர்றதுக்கு முன்னாடி சாட்சிகளை விசாரிச்சுடுவோம்.

முதல் சாட்சி: அயாக்ஸ்

1995 மே 24, வியன்னா. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் இத்தாலியோட ஏ.சி. மிலான். இன்னொரு பக்கம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த அயாக்ஸ். 85-வது நிமிஷத்துல, மாற்று ஆட்டக்காரரா உள்ளே வந்த பேட்ரிக் க்ளூய்வர்ட் கோல் அடிச்சார். அப்ப அவருக்கு வயசு 18. ஒண்ணுக்கு பூஜ்யம், கோப்பை அயாக்ஸுக்கு. அந்த சீசன்ல நெதர்லாந்து லீக்குலயும் அவங்க ஒரு ஆட்டம்கூட தோக்கலை.

பயிற்சியாளர் லூயி வான் கால். சீடார்ஃப், டேவிட்ஸ், க்ளூய்வர்ட், டி போயர் சகோதரர்கள் எல்லாம் கிளப்போட சொந்தப் பள்ளியில வளர்ந்த பசங்க. இந்த அணி இன்னும் பத்து வருஷம் ஐரோப்பாவை ஆளும்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க.

அதே வருஷம் டிசம்பர் 15-ல லக்சம்பர்க்ல ஒரு தீர்ப்பு வந்தது. ஜான்-மார்க் போஸ்மன்னு ஒரு பெல்ஜியம் வீரர். 1990-ல லியேஜ் கிளப்போட அவரோட ஒப்பந்தம் முடிஞ்சுது. கிளப் சம்பளத்தை கால்வாசியா குறைச்சு புது ஒப்பந்தம் நீட்டுச்சு. அவர் பிரான்ஸ்ல இருக்கற டன்கிர்க் கிளப்புக்குப் போக நினைச்சார், பழைய கிளப் விடலை. ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் ஒரு ஆளைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் காசு கேட்கலாம்ங்கறதுதான் அன்னைக்கு நடைமுறை. மனுஷன் கோர்ட்டுக்குப் போனார். அஞ்சு வருஷம் கழிச்சு ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தம் முடிஞ்ச வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள எங்க வேணும்னாலும் போகலாம், பழைய கிளப்புக்கு ஒரு பைசா கிடையாது. ஒன்றியத்து நாட்டு வீரர்களுக்கு "வெளிநாட்டுக்காரர் இத்தனை பேர்தான்"ங்கற வரம்பும் செல்லாது.

ஒரு தொழிலாளியா பார்த்தா இது நூத்துக்கு நூறு நியாயமான தீர்ப்பு. அடிமைச் சங்கிலி அறுந்த மாதிரி. ஆனா அந்தச் சங்கிலியோட மறுமுனையில அயாக்ஸ் மாதிரி கிளப்புகளோட பொழப்பு கட்டியிருந்தது.

சீடார்ஃப் 1995-லயே சாம்ப்டோரியாவுக்குப் போயிட்டார். ரைகார்ட் ஓய்வு பெற்றார். 1996-ல அயாக்ஸ் மறுபடியும் இறுதிப் போட்டி வரைக்கும் வந்து, யுவென்டஸ்கிட்ட பெனால்டியில தோத்தது. அந்தக் கோடையில டேவிட்ஸும் ரைசிகரும் மிலானுக்கு, ஃபினிடி பெட்டிஸுக்கு, கானு இன்டருக்கு. 1997-ல க்ளூய்வர்ட்டும் போகார்டும் மிலானுக்கு, ஓவர்மார்ஸ் ஆர்சனலுக்கு, வான் கால் பார்சிலோனாவுக்கு. இதுல டேவிட்ஸ், ரைசிகர், க்ளூய்வர்ட், போகார்ட் நாலு பேரும் ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா நடந்து போனவங்க. அயாக்ஸுக்குக் கிடைச்சது பூஜ்யம். 1999-க்குள்ள டி போயர் சகோதரர்கள், லிட்மானென், வான் டெர் சார் எல்லாரும் கிளம்பியாச்சு. 1998-ல நெதர்லாந்து லீக் ஜெயிச்ச கிளப் அடுத்த வருஷம் ஆறாவது இடம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை 1997-க்கு அப்புறம் அவங்க மறுபடி பார்த்தது 2019-லதான்.

முதல் கட்சிக்காரங்க இங்க எழுந்து நின்னு கை தட்டலாம். ஆனா உட்காருங்க, அடுத்த சாட்சி வர்றார்.

ரெண்டாவது சாட்சி: போர்டோ

2004 மே 26, கெல்சன்கிர்ஷன். போர்ச்சுகலோட போர்டோ கிளப், மொனாக்கோவை மூணுக்கு பூஜ்யம்னு தோற்கடிச்சு சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சது. முந்தின வருஷம் யு.இ.எஃப்.ஏ. கோப்பையும் அவங்கதான். இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் இந்த அஞ்சு நாட்டுக்கு வெளியே இருந்து ஒரு கிளப் அந்தக் கோப்பையைத் தொட்டது அதோட சரி. 2025 வரைக்கும் வேற யாருக்கும் அது கிட்டலை.

ஜெயிச்ச சூடு ஆறலை, பயிற்சியாளர் மொரீன்யோ செல்சீக்குப் போயிட்டார். கூடவே ரிக்கார்டோ கார்வாலியோ, பாவ்லோ ஃபெரெய்ரா. டெக்கோ பார்சிலோனாவுக்கு. அணியோட தலை, முதுகெலும்பு, மூளை எல்லாம் ஒரே கோடையில காலி. அடுத்த சீசன் தலைகால் புரியாம போச்சு. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு பயிற்சியாளரை நீக்கினாங்க, அப்புறம் ரெண்டு பேர் வந்தாங்க. லீக் பட்டம் பென்ஃபிகாவுக்குப் போச்சு.

இங்கதான் கதை அயாக்ஸ் பாதையிலிருந்து விலகுது. 2006, 2007, 2008, 2009 வரிசையா நாலு லீக் பட்டம் போர்டோவுக்கு. 2011-ல வில்லாஸ்-போவாஸ் பயிற்சியில லீக்குல ஒரு தோல்விகூட இல்லை, அதோட யூரோப்பா லீக் கோப்பை. அந்த மனுஷனும் செல்சீக்குப் போனார், கோல் அடிச்சுக் குவிச்ச ஃபால்காவோ அட்லெடிகோவுக்குப் போனார். அப்பவும் 2012, 2013 லீக் பட்டம் போர்டோதான்.

இடையில வித்தவங்க பட்டியலைப் பாருங்க: பெப்பே, ஆண்டர்சன், குவாரெஸ்மா, லூச்சோ, லிசாண்ட்ரோ, ஹல்க். இதுல குவாரெஸ்மா, டெக்கோவை பார்சிலோனாவுக்குக் கொடுத்தப்ப பண்டமாற்றுல வந்தவர். லிசாண்ட்ரோவை 2009-ல லியோனுக்கு வித்தாங்க, அதே கோடையில ஃபால்காவோவை அர்ஜென்டினாவிலிருந்து கொண்டு வந்தாங்க. ஒரு கடையில சரக்கு போகப் போக அலமாரி நிரம்பிக்கிட்டே இருந்த மாதிரி.

போஸ்மன் தீர்ப்பு போர்டோவுக்கும்தானே பொருந்தும்? அவங்க ஏன் மூழ்கலை? எனக்குத் தெரிஞ்சு மூணு காரணம். ஒண்ணு, அவங்க யாரையும் ஒப்பந்தம் முடியற வரைக்கும் வச்சிருக்கலை. ரெண்டு மூணு வருஷம் மிச்சம் இருக்கும்போதே வித்து முழு விலையையும் வாங்கினாங்க. ரெண்டு, பிரேசில், அர்ஜென்டினா, கொலம்பியா சந்தைகள்ல முன்கூட்டியே ஆள் வச்சுத் தேடினாங்க. வெளிப்பணக்காரர்களோட பங்கு போட்டு வீரர்களை வாங்கற முறையும் அங்க புழக்கத்துல இருந்தது (2015 மே மாசம் ஃபிஃபா அதைத் தடை பண்ணிடுச்சு). மூணாவது காரணம்தான் யாரும் சத்தமா சொல்லாதது. போர்டோ ஐரோப்பாவுலதான் சின்ன கிளப், ஊர்ல பெரிய தலை. போர்ச்சுகல் லீக் பட்டத்தை போர்டோ, பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் மூணு பேருக்கு வெளியே ஜெயிச்சது ரெண்டே கிளப், ரெண்டே தடவை: 1946-ல பெலனென்சஸ், 2001-ல போவிஸ்டா. ஒரு வருஷம் சொதப்பினாலும் போர்டோ மூணாவது இடத்துக்குக் கீழ போறது அபூர்வம். விழுந்தாலும் மெத்தையில விழுவாங்க.

அந்த மெத்தை இல்லாதவங்க கதை என்ன?

மூணாவது சாட்சி: சவுத்தாம்ப்டன்

இங்கிலாந்தோட தென்கரைத் துறைமுக ஊர். 2009-ல கிளப் கடன்ல மூழ்கி மூணாவது டிவிஷனுக்கே இறங்கிடுச்சு. புது முதலாளி வந்து, 2011, 2012-ல அடுத்தடுத்து மேலேறி பிரீமியர் லீக். 2014-ல எட்டாவது இடம். உடனே வந்துட்டாங்கய்யா வியாபாரிங்க. லல்லானா, லாம்பர்ட், லோவ்ரன் மூணு பேரும் லிவர்பூலுக்கு. லூக் ஷா மான்செஸ்டர் யுனைடெடுக்கு. சேம்பர்ஸ் ஆர்சனலுக்கு. பயிற்சியாளர் பொச்செட்டினோ டாட்டன்ஹாமுக்கு. புதுசா வந்த ரொனால்ட் கூமன், ஆளே இல்லாத பயிற்சி மைதானத்தைப் படம் எடுத்து "பயிற்சிக்குத் தயார்"ங்கற மாதிரி ட்விட்டர்ல போட்டார். நக்கல் பிடிச்ச மனுஷன் :-)

எல்லாரும் இந்த கிளப் இறங்கிடும்னு எழுதினாங்க. சவுத்தாம்ப்டன் அமைதியா சாடியோ மானே, டாடிச், பெல்லே, ஃபார்ஸ்டர்னு வாங்கிப் போட்டது. 2015-ல ஏழாவது இடம். அடுத்து க்ளைன், ஷ்னைடர்லினை வித்தது, வான் டைக்கை வாங்கினது. 2016-ல ஆறாவது இடம். வித்துக்கிட்டே மேல ஏறின கிளப்! எல்லாரும் "சவுத்தாம்ப்டன் மாடல்"னு கொண்டாடினாங்க.

அப்புறம் எங்க இடறினாங்க? ஆள் தேடற பிரிவோட தலைவர் பால் மிட்செல் 2014 கடைசியிலேயே டாட்டன்ஹாமுக்குப் போயிட்டார். 2016-ல மானே, வன்யாமா, பெல்லேயோட கூமனும் கிளம்பினார். 2017-ல கிளப்போட பெரும்பங்கு புது முதலாளி கைக்கு மாறிச்சு. 2018 ஜனவரியில வான் டைக்கை 75 மில்லியன் பவுண்டுக்கு லிவர்பூலுக்கு வித்தாங்க. அதே மாசம் முன்களத்துக்கு வாங்கின கரில்லோ, சவுத்தாம்ப்டனுக்காக லீக்குல ஒரு கோல்கூட அடிக்கலை. அந்த சீசன் 17-வது இடம், மயிரிழையில தப்பினாங்க. 2019-ல லெஸ்டர்கிட்ட, 2021-ல மான்செஸ்டர் யுனைடெட்கிட்ட, ரெண்டு தடவையும் ஒன்பதுக்கு பூஜ்யம். 2023-ல இறங்கினாங்க. 2024-ல ஏறி, 2025-ல மொத்தமே 12 புள்ளியோட மறுபடி இறங்கினாங்க.

கவனிச்சீங்களா? லல்லானா, மானே போனப்ப விழாத கிளப், அவங்களைக் கண்டுபிடிச்ச ஆட்களும் பழக்கமும் போன பிறகுதான் விழுந்தது. நம்ம ஊர்ல விவசாயி நெல்லை விப்பான், விதைநெல்லை விக்கமாட்டான். பஞ்சத்துல அதையும் தின்னுட்டா அடுத்த போகத்துக்கு வழியில்லை. கால்பந்துல வீரர்கள் எல்லாம் நெல்லுதான், அவங்க எவ்வளவு பெரிய நட்சத்திரமா இருந்தாலும். யாரை வாங்கணும், எப்ப விக்கணும், அவன் இடத்துக்கு யாருன்னு தெரிஞ்ச நாலு பேர்தான் விதைநெல்.

மறுபடியும் அயாக்ஸ், இந்தத் தடவை கை நிறைய காசோட

இது வெறும் உவமைன்னு நினைக்கறவங்களுக்கு அயாக்ஸையே மறுபடி கூண்டுல ஏத்தறேன். 1990-கள்ல அடிபட்டு அவங்க பாடம் கத்துக்கிட்டாங்க. 2011-லேருந்து 2014 வரைக்கும் நாலு லீக் பட்டம், அதுக்கு நடுவுல சுவாரஸ், வெர்டோங்கன், எரிக்சன் எல்லாரையும் வித்தாங்க. 2019-ல அரையிறுதி போன பிறகு டி யோங், டி லிக்ட் ஒவ்வொருத்தரும் 75 மில்லியன் யூரோ. அதுக்கப்புறமும் 2021, 2022 லீக் பட்டம். எல்லாம் சரியா போயிட்டிருந்தது.

2022 கோடையில ஆண்டனி, மார்ட்டினெஸ், ஹாலர், கிராவன்பெர்க்னு வித்ததுல வந்தது 200 மில்லியன் யூரோவுக்கு மேல. போஸ்மன் காலத்து மாதிரி வெறுங்கையோட நிக்கலை. ஆனா அதே வருஷம் பயிற்சியாளர் டென் ஹாக் மான்செஸ்டருக்குப் போயிட்டார். ஆள் வாங்கற இயக்குநரா இருந்த ஓவர்மார்ஸ் (ஆமா, 1995 அணியோட அதே ஓவர்மார்ஸ்தான்) பெண் ஊழியர்களுக்குத் தகாத செய்திகள் அனுப்பின விவகாரத்துல பிப்ரவரியிலேயே வெளியேறியிருந்தார். அவர் போனது சரிதான், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அந்த நாற்காலிக்கு சரியான ஆளைப் பிடிக்காம 100 மில்லியன் யூரோவுக்கு மேல செலவழிச்சாங்க. முதல் சீசன் மூணாவது இடம். 2023-ல புதுசா வந்த இயக்குநரை செப்டம்பருக்குள்ளேயே நீக்கினாங்க. அக்டோபர் கடைசியில அயாக்ஸ் லீக் பட்டியல்ல கடைசி இடத்துல நின்னது. ஒருவழியா தேறி அஞ்சாவதா முடிச்சாங்க.

ஆக, 1996-ல காசு வராம விழுந்த அதே கிளப், 2023-ல காசு குவிஞ்சும் விழுந்தது. ரெண்டு கட்சியும் தங்களோட வாதத்தை இங்க கொஞ்சம் திருத்திக்கணும்.

விக்காம இருந்தா?

"சரி, விக்கவே வேண்டாமே, கெட்டியா பிடிச்சு வச்சுக்கலாமே"ன்னு ஒரு குரல் கேக்குது. அதுக்கு லெஸ்டர் இருக்கு. 2016-ல ஐயாயிரத்துக்கு ஒண்ணுங்கற பந்தயக் கணக்கைப் பொய்யாக்கி பிரீமியர் லீக் ஜெயிச்ச கிளப். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு பெரிய தலையை விக்கறதை வழக்கமா வச்சிருந்தாங்க. 2016 கான்டே, 2017 ட்ரிங்க்வாட்டர், 2018 மாரெஸ், 2019 மகுவயர் (80 மில்லியன் பவுண்டு), 2020 சில்வெல். அந்தக் காசுல அணி புதுசாயிக்கிட்டே இருந்தது. 2020, 2021 ரெண்டு வருஷமும் அஞ்சாவது இடம். 2021-ல எஃப்.ஏ. கோப்பையும்.

2021-ல வழக்கத்தை மாத்தினாங்க. பெரிய விற்பனை எதுவும் இல்லை, சம்பளச் செலவு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. 2022, 2023 ரெண்டு கணக்கு வருஷத்துலயும் 90 மில்லியன் பவுண்டு வாக்குல நஷ்டம். டீலமன்ஸ், சோயுன்ஜு ரெண்டு பேரும் ஒப்பந்தம் முடிஞ்சு சும்மாவே போனாங்க. 2023-ல கிளப் இறங்கிடுச்சு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி சாம்பியன்! வித்ததால விழுந்த கிளப்புன்னு இதைச் சொல்ல முடியாது. விக்கவேண்டிய நேரத்துல விக்காததும் விழுந்ததுக்கு ஒரு காரணம்.

இப்ப ஓடிக்கிட்டிருக்கற பரீட்சை

கடைசி சாட்சி பிரைட்டன். 1997-ல இவங்க சொந்த மைதானத்தையே இழந்துட்டு, கடைசி ஆட்டத்துல டிரா பண்ணி நாலாவது டிவிஷன்லேருந்து வெளியே விழாம தப்பினவங்க. ரெண்டு வருஷம் வேற ஊர் மைதானத்துல ஆடினாங்க. இப்ப முதலாளி டோனி ப்ளூம், பந்தயக் கணக்குல காசு பார்த்தவர், சின்ன வயசுலேருந்தே இந்த கிளப்போட ரசிகர். கிளப்புக்கு சில நூறு மில்லியன் பவுண்டு கடனா கொடுத்தவர். அந்த மாதிரி ஒரு ஆள் எல்லா ஊருக்கும் கிடைக்கமாட்டார்ங்கறதையும் கணக்குல வச்சுக்கணும்.

இவங்க முறை என்னன்னா, ஆள் போறதுக்கு முன்னாடியே பதில் ஆள் வீட்டுல இருக்கணும். 2022-ல பிசூமாவை டாட்டன்ஹாமுக்கு வித்தப்ப, எக்வடோர்லேருந்து 2021-ல வாங்கின கைசெடோ ஏற்கனவே அணியில ஆட ஆரம்பிச்சாச்சு. அதே வருஷம் குக்குரெல்லாவும், செப்டம்பர்ல பயிற்சியாளர் பாட்டரும் செல்சீக்குப் போனாங்க. ஆள் தேடற பிரிவுத் தலைவரையும் செல்சீ தூக்கிக்கிட்டுப் போச்சு. அப்பவும் அந்த சீசன் ஆறாவது இடம், கிளப் வரலாற்றுல முதல் தடவையா ஐரோப்பியப் போட்டி. 2023-ல மாக் அலிஸ்டர் லிவர்பூலுக்கு, சில மில்லியனுக்கு வாங்கின கைசெடோ 115 மில்லியன் பவுண்டு வரைக்கும் போகக்கூடிய ஒப்பந்தத்துல செல்சீக்கு. அடுத்த சீசன் 11-வது, அதுக்கடுத்த சீசன் எட்டாவது. விதைநெல்லுல ஒரு மூட்டை போனாலும் குதிர் காலியாகாத மாதிரி, ஆளை நம்பாம முறையை எழுதி வச்சிருக்காங்க. இது எவ்வளவு நாள் தாங்கும்? சவுத்தாம்ப்டன் கொண்டாட்டமும் மூணு வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு.

என் தீர்ப்பு

முடியும். ஆனா நாலு நிபந்தனை. ஒப்பந்தம் தேயறதுக்கு முன்னாடி விக்கணும். பதில் ஆள் முன்கூட்டியே வீட்டுல இருக்கணும். ஒரே கோடையில வீரர்களையும் பயிற்சியாளரையும் ஆள் தேடறவங்களையும் சேர்த்து இழக்கக்கூடாது. நாலாவது, சறுக்கினா தாங்கற மெத்தை ஒண்ணு வேணும். அது போர்டோவுக்கு லீக் அமைப்புல இருக்கு, பிரைட்டனுக்கு முதலாளி மடியில இருக்கு, சவுத்தாம்ப்டனுக்கு இல்லாம போச்சு.

இதுல அநியாயம் ஒண்ணு இருக்கு. பெரிய கிளப் பத்து தடவை தப்பா ஆள் வாங்கலாம், பதினோராவது தடவை வாங்கக் காசு இருக்கும். சின்ன கிளப் பத்து தடவை சரியா வாங்கிட்டு ஒரு தடவை தப்பு பண்ணா கீழ் டிவிஷன். இறங்கினா போறது பெருமை மட்டும் இல்லை, டிவி வருமானம் போகும், அதுகூட அலுவலகத்துல, சமையலறையில, டிக்கெட் கவுன்ட்டர்ல வேலை செய்யற சாதாரண ஆட்களோட வேலையும் போகும். 75 மில்லியனுக்குப் போன வீரர் நல்லாவே இருப்பார். கிளப்பை விட்டுப் போக முடியாதவன் சீசன் டிக்கெட் வாங்கின ரசிகன் மட்டும்தான்.

அவன்கிட்ட போய் "நிலைச்சு நிக்கற எட்டாவது இடம் வேணுமா, இல்லை ஒரு கோப்பையும் அப்புறம் வீழ்ச்சியும் வேணுமா"ன்னு கேட்டா? லெஸ்டர்காரன் கோப்பையைத்தான் சொல்லுவான்னு நினைக்கறேன். பிரைட்டன்காரன் 1997-ஐ நினைச்சுக்கிட்டு எட்டாவது இடம் போதும்பா சாமின்னு சொல்லலாம். எனக்கு ரெண்டுமே நியாயமாத்தான் படுது. உங்க ஓட்டு எதுக்கு? சொல்லிட்டுப் போங்க மக்களே.